கூத்தர்க்கு ஓர் ஆற்றுப்படை

பத்துப்பாட்டின் இறுதியில் வைத்தெண்ணப்படும் மலைபடுகடாத்துக்குக் கூத்தராற்றுப்படை என்பது மற்றொரு பெயர். நன்னன் என்னும் வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்பட்ட மற்றொரு கூத்தனுக்கு வழி கூறுவதாகப் பெருங்கௌசிகனார் அதனைப் பாடினார். அப்பாட்டைக் கற்பிக்கும்போதெல்லாம் மாணாக்கர்க்கு நான் ஒன்றை எடுத்துக் காட்டுவதுண்டு. வழி கூறுவோன் நன்னனுடைய கொடையைப் புகழ்ந்துவிட்டு நின்றானல்லன். காட்டுப்பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே கிடக்கும், புனங்காவலர் எறியும் கவண்கல்லுக்கு எவ்வாறு தப்புவது, பாம்பு உறையும் இடம் எது, கால் வழுக்கும் பாறை எது, இரவில் எங்கே தங்கிப் பொழுது புலர்ந்தபின் புறப்படவேண்டும் என்று ஒவ்வோர் இடராக எண்ணி எண்ணிச் சொல்கின்றான்.

ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையின் உயிர் இங்கேதான் இருக்கின்றது. இடர்களை மறைத்துப் பரிசிலை மாத்திரம் கூறுதல் ஆற்றுப்படுத்தல் ஆகாது. இக்காலத்திலே நடிப்பைத் தொழிலாகக் கொள்ள விரும்பி முதலடி எடுத்து வைக்கும் இளைஞர்க்கும் யுவதிகளுக்கும் வழங்க நம்மிடம் வாழ்த்துரை நிறைய உண்டு, வழியுரை அரிது. நான் நடிகன் அல்லேன். இலக்கணமும் இலக்கியமும் கற்பித்து முடி நரைத்தவன். ஆயினும், நாடகம் முத்தமிழுள் ஒன்று என்று வகுப்பிலே முப்பதாண்டாகச் சொல்லி வந்தவனுக்கு, அச்சொல்லை நம்பிப் புறப்படும் பிள்ளைக்கு வழி யாது என்று எண்ணிப் பார்க்கும் கடமையும் உண்டன்றோ?

ஆறு தரம் ஏறிய மேடை

க.பொ.த. உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் என்னும் பாடத்தை எடுத்து நல்ல பெறுபேறு பெற்ற மாணவன் ஒருவனை, அவனுடைய தந்தையார் சில காலத்துக்கு முன் என்னிடம் அழைத்து வந்தார். "ஐயா, இவன் கூத்தாடிப் பிழைக்கப் போறானாம். நீங்கள் ஒருக்கால் புத்தி சொல்லுங்கோ" என்றார். புத்தி சொல்லுமுன் பையனிடம் ஒரு வினா வினவினேன். "தம்பி, நீர் இதுவரையில் எத்தனை தரம் மேடை ஏறியிருக்கிறீர்?"

அவன் விரல் மடித்து எண்ணினான். தமிழ்த்தினப் போட்டிக்கு மூன்று தரம். பரிசளிப்பு விழாவில் இரண்டு தரம். செய்முறைப் பரீட்சைக்கு ஒரு தரம். ஆக ஆறு. அந்த ஆறு தரத்தில் ஒரு தரமேனும், காசு கொடுத்துச் சீட்டு வாங்கி வந்த ஒருவர் முன் அவன் நடித்ததில்லை. நடுவர் முன்னும் ஆசிரியர் முன்னும் பெற்றோர் முன்னுமே நடித்திருந்தான்.

தந்தையார் அஞ்சியது சோற்றுக்கு. அவ்வச்சம் நியாயமானதே, அதனைப் பின்னர் ஆராய்வோம். ஆயின் அதற்கும் முற்பட்ட இடர் ஒன்று அந்த ஆறு என்னும் எண்ணிக்கையில் இருக்கின்றது. தச்சுப் பட்டறையிற் சேர்ந்த பையன் முதல் நாள் தொட்டே மரத்தைத் தொடுகின்றான். கோணலாக அறுத்து ஏச்சு வாங்குகின்றான். மறுநாள் திருத்தி அறுக்கின்றான். நடிகனாக விரும்பும் நம் பிள்ளைக்கு அத்தகைய பட்டறை இல்லை. நாள்தோறும் நடிக்கவும், பிழைபட நடித்துத் திருந்தவும் ஓர் இடம் இல்லை. இளநடிகர்க்குள்ள இடர்கள் பலவெனினும் அவற்றுக்கெல்லாம் வேர் இதுவே என்பது என் துணிபு.

முன்னோர் பட்டறைகள்

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். மாதவி ஐந்தாம் ஆண்டிலே பயிற்சி தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் ஆண்டிலே அரசன் முன் அரங்கேறினாள் என்று சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை கூறும். ஆடலாசான், இசையாசான், மத்தளம் வாசிப்போன், குழலோன், யாழாசான் என்று ஆசிரியர் பலருடைய இலக்கணமும் அங்கே வகுக்கப்பட்டிருக்கின்றது. அரங்கோ ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதாக அளந்து அமைக்கப்பட்டது. ஆடி முடித்தவளுக்கு அரசன் தந்தது தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும். பயிற்சி, அரங்கு, ஊதியம் மூன்றையும் இளங்கோவடிகள் ஒருங்கே வைத்துப் பாடியதை நாம் பாடத்துக்காகப் படிக்கின்றோமேயன்றிக் கருத்தூன்றிக் கொள்வதில்லை.

மட்டக்களப்புக் கூத்து மரபிலும் இதே ஒழுங்கைக் காணலாம். வேளாண்மை வேலை ஓய்ந்த மாதங்களிலே அண்ணாவியார் ஊருக்கு வருவார். இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று தேர்ந்து சட்டம் கொடுப்பார். பின்னர் மாதக்கணக்காக இரவுதோறும் களரியிலே ஆட்டமும் பாட்டும் பழக்குவார். சதங்கை அணிதல் ஒரு நாள். அடுக்குப் பார்த்தல் வேறொரு நாள். அதன் பின்னரே விடியவிடிய அரங்கேற்றம். அரங்கேறுமுன்பே ஆடுவோன் ஊரவர் பார்க்கப் பல்லிரவு பிழைவிட்டுத் திருந்தியிருப்பான். ஆயின் அவன் கூத்தினால் வாழ்ந்தவன் அல்லன். வயல் அவனுக்குச் சோறிட்டது. கூத்துக்கு அவன்தான் கைப்பொருள் செலவிட்டான்.

தமிழகத்திலே நடிப்பு முழுநேரத் தொழிலானது நாடகக் கம்பெனிகளால். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையிலே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது அதிற் சேர்ந்த சிறுவருள் ஒருவர், பின்னாளில் ஒளவை சண்முகம் எனப் புகழ்பெற்ற டி. கே. சண்முகம். அப்போது அவருக்கு வயது ஆறு. பாலர் கம்பெனி வாழ்க்கை இனிமையானதன்று. காலையிற் பாட்டு, பகலிற் பாடம், இரவில் நாடகம். உணவும் உறையுளும் உண்டு, சம்பளம் சொற்பம், பள்ளிக்கூடம் இல்லை, அடி உண்டு. பெற்றோரைப் பிரிந்து ஊர் ஊராக அலைந்த பிள்ளைகளின் கண்ணீரை நாம் மறத்தல் ஆகாது. அம்முறை மீள வேண்டுமென்று எவரும் விரும்பார்.

ஆயினும் அது தந்த ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கிழமைக்கு மூன்று இரவு என்று குறைத்துக் கணக்கிட்டாலும், பத்தாண்டில் ஏறத்தாழ 1,500 தரம் அச்சிறுவர் மேடை ஏறியிருப்பர். அந்த ஆயிரத்தைந்நூறையும் நம் மாணவனின் ஆறையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

மகரக்கட்டும் காத்திருப்பும்

பாலர் கம்பெனிச் சிறுவருக்கு வந்த பேரிடர் மகரக்கட்டு. பருவம் மாறுங்காலத்தே குரல் உடைவதை அக்காலத்து நடிகர் அவ்வாறு வழங்கினர். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், கடைசி வரிசைக்கும் எட்டும்படி நான்கு கட்டை, ஐந்து கட்டைச் சுருதியிலே பாடிய சிறுவன், ஒருநாள் வாய் திறக்கக் கரகரப்பே எழும். நேற்றுவரை அவனுக்காகக் கூடிய கூட்டம் இன்று வேறு பையனை நாடும். சிலர் சிறு வேடங்களுக்கு இறங்கினர். சிலர் ஊர் திரும்பினர். சிலர் பாட்டை விட்டு வசனத்திலும் மெய்ப்பாட்டிலும் வல்லவராகிப் பிழைத்தனர். பதினைந்து வயதிலே தொழில் இழந்து இரண்டாம் முறை தொடங்கியவர்கள் அவர்கள்.

அதன் பின்னும் காத்திருப்பு உண்டு. கண்டியிலே 1917இல் பிறந்த எம். ஜி. இராமச்சந்திரன் சிறுவயதிலேயே மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிற் சேர்ந்தவர். 1936இல் வெளிவந்த 'சதி லீலாவதி'யிலே சிறு வேடத்தில் தோன்றினார். கதாநாயகனாகும் வாய்ப்பு 1947இல் 'ராஜகுமாரி' படத்திலேதான் வந்தது. இடையிலே பதினோர் ஆண்டு. சிவாஜி கணேசன் 1952இல் 'பராசக்தி'யினால் ஒரே நாளிற் புகழ்பெற்றதாகப் பலரும் எண்ணுவர். இருபத்து நான்கு வயது இளைஞர்தான். ஆயின் சிறுவனாக நாடகக் குழுவிற் சேர்ந்து பெண்வேடம் முதலாகப் பல வேடமும் தாங்கிய நீண்ட காலம் அவருக்குப் பின்னே நின்றது. புகழ் வந்த ஆண்டை மாத்திரம் மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். அதற்கு முற்பட்ட ஆண்டுகளை எவரும் அவர்களுக்குக் கூறுவதில்லை.

இன்றைய இளைஞனுக்கும் காத்திருப்பு உண்டு. வேறுபாடு யாதெனின், அன்றையோர் நடித்துக்கொண்டே காத்திருந்தனர். இன்றையோன் நடியாமலே காத்திருக்கின்றான். நடியாது கழியும் ஆண்டுகளில் நாவும் உடலும் பயின்றதை மறக்கும், மனமும் சோரும்.

நாவின் இடர்

நான் தமிழாசிரியன் ஆதலின் இதனைச் சற்று விரித்துக் கூற விரும்புகின்றேன். நடிகனுக்கு முதற் கருவி நா. லகர ளகர ழகர வேறுபாடு நம் பிள்ளைகளிற் பலர்க்கு எழுத்திலே உண்டு, வாயிலே இல்லை. ஒரு வாக்கியத்தை எங்கே நிறுத்தினால் பொருள் கெடும், எச்சொல்லை அழுத்தினால் பொருள் மாறும், மூச்சை எங்கே வாங்கினால் கேட்போர்க்குத் தெரியாது என்பன செய்யுளை உரக்கப் படித்துப் பழகியவனுக்கு இயல்பாக வரும். கண்ணால் மாத்திரம் படிக்கும் வழக்கம் வந்தபின் அப்பயிற்சி குன்றிற்று. தொல்காப்பியர் கூறிய எண்வகை மெய்ப்பாட்டின் பெயர்களையும் மாணவர் ஒப்புவிப்பர்; பெருமிதத்துக்கும் வெகுளிக்கும் குரல் எவ்வாறு வேறுபடும் என்று கேட்டால் விழிப்பர்.

ஈழத்து இளைஞனுக்கு இன்னோர் இடரும் உண்டு. அவன் சென்னைக்குச் சென்றால் அவனுடைய பேச்சு வழக்கை மாற்றும்படி கேட்பர். மாற்றப் பழகுதல் நடிகனுக்கு வேண்டிய திறமே, அதில் இழிவில்லை. ஆயின் தன் வழக்கு தாழ்ந்தது என்று எண்ணி அதனை மறப்பானாயின், அவன் நின்ற நிலத்தையே இழந்தவனாவான். இலங்கை வானொலியிலே 'சானா' எனப்பட்ட சண்முகநாதன் முதலியோர் வளர்த்த நாடகங்கள், நம் வழக்கிலே நகையும் அவலமும் நிறைவாக வரும் என்று வீடுதோறும் காட்டின. அல்லைப்பிட்டியிற் பிறந்து பிரான்சில் வாழும் எழுத்தாளர் ஷோபாசக்தி முதன்மைப் பாத்திரம் ஏற்ற 'தீபன்' என்னும் படம், 2015இல் கான் திரைப்பட விழாவிலே மிக உயர்ந்த விருதாகிய தங்கப் பனையைப் பெற்றது. அப்போது அவர் நாற்பது வயதைக் கடந்தவர். தன் மண்ணின் தமிழைப் பேசி ஒருவர் உலக அரங்கில் நிற்கலாம் என்பதற்கு அது சான்று. ஆயின் அஃது அரிதாக நேர்ந்த வாய்ப்பு; எல்லாரும் நடந்து செல்லத்தக்க பாதையென்று அதனைக் கொள்ளலாகாது.

பழியும் பாதுகாப்பும்

அந்தத் தந்தையார் வாயில் வந்த 'கூத்தாடி' என்னும் சொல்லுக்கு வருவோம். அது வசையானது எவ்வாறு? நாடகத்தை இரவெல்லாம் கண்விழித்துச் சுவைத்த நம் சமூகம், நடித்தவனைப் பகலிலே திண்ணைக்கு வெளியே நிறுத்தியது. யாழ்ப்பாணத்திலே கூத்தையும் இசைநாடகத்தையும் போற்றிக் காத்தோருட் பலர் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டோர் என்பதை மறைத்துப் பயனில்லை. கலையரசு க. சொர்ணலிங்கம் போன்ற கற்றோர், பம்மல் சம்பந்த முதலியாரைப் பின்பற்றிச் சபை நாடகம் நடத்தியது மேடைக்கு மதிப்பைத் தேடித் தந்தது. 1968இல் வெளிவந்த அவருடைய 'ஈழத்தில் நாடகமும் நானும்' இளநடிகர் ஒவ்வொருவரும் கற்க வேண்டிய நூல். காங்கேசன்துறை தந்த நடிகமணி வி. வி. வைரமுத்து, மயான காண்டத்து அரிச்சந்திரனாக நின்று ஊர் ஊராக மக்களை அழவைத்தவர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்' முதலாகக் கூத்துகளைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். இவர்களால் வசை பெரிதும் தேய்ந்தது. முற்றும் ஒழியவில்லை.

பெண்பிள்ளைகட்கு இவ்விடர் இரட்டிப்பு. நம் கூத்துகளிலும் இசைநாடகங்களிலும் நெடுங்காலம் ஆண்களே பெண்வேடம் தாங்கினர். தமிழகத்திலோ, வறுமையிற் பிறந்து சிறுமியாக மேடையேறிய கே. பி. சுந்தராம்பாள், 1935இல் 'பக்த நந்தனார்' படத்திலே ஆண்வேடந் தாங்கி, அக்காலத்தில் எவரும் கேள்விப்படாத ஓர் இலட்சம் ரூபாவை ஊதியமாகப் பெற்றார். இன்று நம் பல்கலைக்கழகங்களில் அரங்கியல் பயில்வோரிற் பெண்கள் நிறைய உளர். அவர்களிற் பலர் பட்டத்தோடு மேடையை விட்டிறங்கிவிடுகின்றனர். ஒத்திகை முடிந்து வீடு திரும்ப வண்டி இல்லை. வாய்ப்புத் தருவோர் சிலரின் நடத்தை நன்றன்று. மணம்பேச வருவோர் மேடையை விடும்படி கேட்கின்றனர். கடைசி வண்டிக்கு முன்னர் ஒத்திகையை முடித்தலும், இளம்பெண்களைத் தனியே அழைத்துப் பேசாதிருத்தலும் ஒரு குழுவின் அடிப்படை ஒழுக்கங்கள். இவற்றைக் காக்காத குழு எத்துணைப் பெரிதாயினும் அதனை விட்டு விலகுதலே தக்கது.

சோற்றின் கணக்கு

வள்ளுவர் பெருஞ்செல்வம் வந்து போவதற்குக் கூத்தாடும் அவையிலே கூட்டம் கூடிக் கலைவதை உவமை கூறினார். செல்வத்துக்கு அஃது உவமை. நடிகனுக்கோ அதுவே வாழ்க்கை. கூட்டம் கலைந்த பின் அடுப்பெரிவது எவ்வாறு?

ஈழத்திலே தமிழ் நடிகர் நடிப்பை மாத்திரம் நம்பி வாழ்ந்த காலம் அரிது. 1962இல் 'சமுதாயம்', 1963இல் 'தோட்டக்காரி' என்று நம் படங்கள் தொடங்கின. 1978இல் 'வாடைக்காற்று' வந்தது. ஆயின் நடிகன் நம்பியிருக்கத்தக்க ஒழுங்கான தொழிலாக அத்துறை வளரவில்லை. பின்னர்ப் போர் வந்தது. அரங்கும் திரையும் ஒருங்கே நலிந்தன. அந்நாட்களிலும் மேடை முற்றும் அணையவில்லை. 1978இல் யாழ்ப்பாணத்திலே நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம், 1985இல் 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தைத் தந்தார். அவர் ஆசிரியர். பம்மல் சம்பந்த முதலியார் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் இருந்தவர். வேறொரு தொழில் கையில் இருந்தது அவர்கள் கலைக்கு இழுக்கன்று. அதுவே அவர்களை நிலைநிறுத்தியது.

ஆகவே இளைஞர்க்கு நான் கூறக்கூடிய வழியுரை இது. மாலையும் இரவும் ஓய்வு தரும் ஒரு தொழிலை முதலிற் கற்றுக்கொள்க. அதனைத் தோல்வியென்று எண்ணற்க. பல குழுக்களை நாடி அலையாமல் ஒரு குழுவிலே நிலைத்து, மாதவி பயின்ற ஏழாண்டையேனும் உமக்கு எல்லையாக வைத்துக்கொள்க. முன்னணி வேடம் கிடைக்கவில்லையெனில் திரை இழுக்கவும் ஒப்பனை செய்யவும் பழகுக. நாள்தோறும் ஒரு நாழிகை உரக்கப் படிக்க. ஊதியம் எவ்வளவு, எப்போது தருவர் என்பதை நடிக்குமுன் எழுத்திலே பெறுக. வாய்ப்புத் தருவதாகச் சொல்லி உம்மிடமே பணம் கேட்போனை மலைபடுகடாம் கூறும் பன்றிப் பொறியென்று கொள்க; நடிகன் ஊதியம் பெறுபவன், கட்டணம் செலுத்துபவன் அல்லன்.

இனி நமக்கு. நாம் நடிகரைப் பாராட்டுவதிற் குறைவைக்கவில்லை; பொன்னாடை போர்த்துகின்றோம், பட்டம் சூட்டுகின்றோம். நாடகத்துக்கு மாத்திரம் இனாமாக அழைப்பிதழ் எதிர்பார்க்கின்றோம். கற்றோரும் ஆசிரியரும் இதில் முன்னிற்கின்றனர் என்பதை வருத்தத்தோடு கூறுகின்றேன். கோயில் திருவிழாவிலே ஓரிரவை உள்ளூர் இளநடிகர்க்கு ஒதுக்கி உரிய சன்மானம் கொடுக்கலாம். பாடசாலைகள் தவணைக்கு ஒரு நாடகத்தை அழைத்து, மாணவர் தலைக்குச் சிறு தொகை செலுத்திப் பார்க்கச் செய்யலாம். மண்டபங்களை உடையோர் மாதத்தில் ஒரு நாள் வாடகையைக் குறைக்கலாம். பத்து ஊர்கள் இவ்வாறு செய்தால், ஒரு குழு ஒரே நாடகத்தை ஆண்டுக்கு முப்பது நாற்பது தரம் ஆடலாம். அப்போது நம் பிள்ளைக்கும் ஒரு பட்டறை உண்டாகும்; ஆறு தரம் அறுபதாகும்.

அடுத்த முறை உங்கள் ஊரில் இளைஞர் நாடகம் போடுகின்றனர் என்று கேள்விப்பட்டால், அழைப்பிதழுக்குக் காத்திராமல் வாயிலிலே சீட்டை விலை கொடுத்து வாங்குங்கள். நாடகம் நன்றாயின் நன்றென்று சொல்லுங்கள். குறையிருப்பின் குறையை எடுத்துக் கூறுங்கள். அடுத்த நாடகத்துக்கும் வாருங்கள்.